எரிமலை நாட்டில் மேலும் கீழும்

தமிழில் வழங்கும் திசைப்பெயர்கள் நான்கனுள் இரண்டு, நிலத்தின் சரிவைக் கொண்டு பிறந்தவை. மேல் என்னும் சொல்லினின்று மேற்கும், கீழ் என்னும் சொல்லினின்று கிழக்கும் தோன்றின என்பர் மொழிநூலார். தமிழ்நாட்டில் மேற்றிசைக்கண் மலைத்தொடர் ஓங்கி நிற்கிறது. அங்குப் பிறக்கும் ஆறுகள் கிழக்கு நோக்கிச் சரிந்து கடலில் கலக்கின்றன. ஆகவே மேடான பக்கம் மேற்கு, தாழ்ந்த பக்கம் கிழக்கு. மலையாள நாட்டிலோ இந்நிலை தலைகீழாக உள்ளது. அங்கு மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆயினும் கிழக்கு என்னும் சொல் அங்கும் வழங்குகிறது. இதனை ஒரு சான்றாகக் கொண்டு, அச்சொல் மலைக்கு இப்பால் பிறந்து அப்பால் சென்றதாகும் எனக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்துள் கருதினார்.

நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் நிலையும் மலையாள நாட்டார் நிலையை ஒத்ததே. போர்ட் டிக்சன் கடற்கரை மேற்கே தாழ்ந்து கிடக்கிறது. சிரம்பானுக்குக் கிழக்கே தித்திவங்சாத் தொடரின் தென்பகுதி உயர்ந்து நிற்கிறது. 'மேற்கு' என்று ஆசிரியர் சொல்லும்போது பிள்ளை பள்ளத்தைப் பார்க்கிறது. சொல் ஒன்றைச் சொல்ல, நிலம் வேறொன்றைச் சொல்கிறது.

தோட்டத்துக்குள் இம்முரண்பாட்டால் தீங்கொன்றும் நேர்வதில்லை. பால்மரமாயினும் செம்பனையாயினும் நிரை நேராக ஓடும். ஒவ்வொரு பகுதிக்கும் எண் உண்டு. ஒரு நிரையைப் பிடித்து நடந்தால் மண்சாலை வந்தே தீரும். ஆனால் மலாக்கா நீரிணைக்கு அப்பால் உள்ள எரிமலை நாட்டில், எது மேல், எது கீழ் என்பதை அறியாதவன் வழியை மட்டுமன்று, உயிரையும் இழக்க நேரிடும். பள்ளி விடுமுறையில் அந்நாட்டுக்குச் செல்லும் ஆசிரியர் பலர். மாணவரை உடன் அழைத்துச் செல்வோரும் உண்டு. ஆதலின் அங்கு வழியறியும் முறையை ஆராய்வது பயன் தரும்.

இங்கு இல்லாதது அங்கு இருப்பது ஏன்?

ரெம்பாவ் வட்டாரத்தில் உள்ள பெடாசில் வெந்நீர் ஊற்று உண்டு. அதனைக் கண்ட பிள்ளைகள், அடியில் எரிமலை இருக்கிறதா என்று வினவுவது இயல்பு. அங்கு எரிமலை இல்லை. மலாயாத் தீபகற்பத்தின் நடுமலைத் தொடர், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகட்கு முன் நிலத்தடியில் குளிர்ந்து இறுகிய கிரானைட்டுப் பாறையால் ஆயது. மழைநீர் அப்பாறையின் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் செல்லச் செல்ல நிலம் சூடாக இருக்கும். அங்குச் சூடேறிய நீர் வேறொரு பிளவின் வழியே மேலே வருகிறது. அதுவே பெடாஸ் ஊற்று. குவாந்தான், சிகாமட் ஆகிய ஊர்ப்பக்கங்களில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகள் உள்ளன. அவை என்றோ அடங்கிப்போன அடுப்பின் கரி போன்றவை.

சுமாத்திராவின் நிலை வேறு. அத்தீவின் மேலைக் கடலுக்கு அடியில், இந்துமாக்கடலின் தரைப்பாளம் தீவின் அடியில் புகுந்து அமிழ்கிறது. அமிழும் பாளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது அதனுள் அடைபட்ட நீர் வெளியேறி, மேலுள்ள சூடான பாறையோடு கலந்து அதனை உருகச் செய்கிறது. உருகியது மேலெழுந்து எரிமலையாகிறது. அதனாலேயே சுமாத்திராவின் எரிமலைகள் சிதறிக் கிடவாமல், புக்கித் பாரிசான் என்னும் தொடரில் மேற்குக் கரையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. பாரிசான் என்னும் மலாய்ச் சொல்லுக்கே வரிசை என்பதுதான் பொருள். போர்ட் டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனையிலிருந்து சுமாத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவு ஏறத்தாழ 40 கிலோமீட்டரே. எரிமலை வரிசையோ தீவின் மறுபுறத்தில் உள்ளது. நெகிரி செம்பிலான் அடுப்பினின்று எட்டி நிற்பதன் காரணம் இதுவே.

எட்டி நிற்பினும் உறவு நெருக்கமானது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர் பலரின் முன்னோர், மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மேட்டு நிலத்தினின்று வந்தவர். 1773ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் முதல் யாம்துவானாக ஏற்கப்பெற்ற ராஜா மெலேவார், அங்குள்ள பகாருயோங்கிலிருந்து வந்தவரே. தானா டத்தார், பாயா கும்பு, பத்து ஹம்பார் முதலியவை இங்குக் குலப்பெயர்கள். அங்கு அவையே இடப்பெயர்கள். அடுத்த கம்பத்து நண்பனின் குலப்பெயரைத் தமிழ் மாணவன் ஒருவன் சுமாத்திராப் படத்தில் தேடினால், மராப்பி எரிமலையைச் சூழ்ந்த நாட்டில் அதனைக் காண்பான்.

மலையே திசைகாட்டி

அம்மேட்டு நிலத்தின் நடுவூர் புக்கித் திங்கி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அஃது அமைந்துள்ளது. 1926இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு அவ்வூரின் அடையாளம். ஆயினும் வழியறிய விரும்புவோன் மணிக்கூண்டைப் பாராமல் மலைகளைப் பார்க்கவேண்டும். ஊருக்குத் தென்கிழக்கே நிற்பது மராப்பி; ஏறத்தாழ 2,890 மீட்டர் உயரமுள்ளது. தெற்கே சற்று மேற்காக நிற்பது சிங்காலாங். அதன் தோளை ஒட்டி நிற்பது தண்டிக்காட். மேற்கே மனிஞ்சாவ் ஏரி, கிழக்கே பாயாகும்பு, வடக்கே நிலநடுக்கோடு கடந்து செல்லும் போன்ஜோல்.

பாடாங் நகருக்குச் செல்லும் பெருஞ்சாலை, மராப்பிக்கும் சிங்காலாங்குக்கும் இடைப்பட்ட கோத்தோ பாரு என்னும் தாழ்ந்த கழுத்தின் வழியே செல்கிறது. தெற்கே செல்வோனுக்கு மராப்பி இடப்பக்கம், சிங்காலாங் வலப்பக்கம். திரும்பி வருவோனுக்கு இவை இடம் மாறும். இவ்வொன்றை நினைவிற் கொண்டவன் அச்சாலையில் திசை மயங்கான்.

பகலவனைக் கொண்டு திசையறிய முயல்வோர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்நாட்டில் நண்பகல் ஞாயிறு ஏறத்தாழ ஆறு திங்கள் வடபுறத்தும், ஆறு திங்கள் தென்புறத்தும் சாய்ந்து நிற்கும். மார்ச்சு, செப்டம்பர்த் திங்கள்களின் இறுதியிலோ தலைக்கு நேரே நிற்கும். ஆதலின் நண்பகல் நிழலை நம்பலாகாது. காலை மாலை நிழல்களையே கொள்ளவேண்டும். மலையை முகில் மறைத்தால் ஊர்தோறும் உள்ள தொழுகை இல்லம் துணை செய்யும். அதன் முன்சுவர் மக்காவை நோக்குவது. அப்பக்கம் மேற்கினின்று ஏறத்தாழ 25 பாகை வடக்கே விலகியது.

கூம்பும் கிண்ணமும்

எரிமலை நாட்டில் நிலத்தின் வடிவம் பெரும்பாலும் இரண்டே. ஒன்று கூம்பு, மற்றொன்று கிண்ணம். இவ்விரண்டிலும் ஆறுகள் ஓடும் முறையை அறிந்தால் வழியின் பாதி அறிந்ததாகும்.

மராப்பி போன்ற கூம்பு மலையில் ஓடைகள் உச்சியினின்று குடைக்கம்பிகள் போல நாற்புறமும் விரிந்து இறங்கும. அங்கு மேற்குமில்லை, கிழக்குமில்லை. உச்சி ஒன்றே 'மேல்'. உச்சியில் ஒரு முழம் தவறி இறங்கியவன் அடிவாரத்தில் வேறொரு வட்டாரத்தில் போய் நிற்பான். மேட்டுத் தோட்டங்களில் வரப்பு வெட்டி மரம் நட்ட குன்றுகளை அறிந்தோர்க்கு மற்றோர் உண்மையும் எளிதில் விளங்கும். ஒரே மட்டத்தில் செல்லும் வரப்பைப் பிடித்து நடந்தால் குன்றைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். கூம்பு மலையிலும் அவ்வாறே. மட்டமான பாதை சுற்றிக்கொண்டே போகும். கீழே கொண்டு சேர்க்காது.

கிண்ணம் என்பது, எரிமலை தன் வயிற்றில் இருந்ததைப் பெருவெடிப்பில் உமிழ்ந்தபின் கூரை இடிந்து அமிழ்ந்த பள்ளம். மனிஞ்சாவ் ஏரியும் தோபா ஏரியும் இத்தகையன. கிண்ணத்தின் உட்புறத்தே ஓடைகள் யாவும் உள்நோக்கி ஏரியில் வீழும். ஆகவே ஓடையைப் பின்பற்றியவன் வெளியேறுவதில்லை, ஏரிக்கரையையே அடைவான். வெளியேறும் வழிகள் இரண்டு. விளிம்பை ஏறிக் கடப்பது ஒன்று. ஏரிநீர் விளிம்பை உடைத்து வெளிச்செல்லும் வாயிலை நாடுவது மற்றொன்று. மனிஞ்சாவில் இவ்விரண்டையும் காணலாம். மேற்கே அந்தோக்கான் ஆறு வெளியேறும் வாயில் வழியாகச் சாலை கடற்கரைச் சமவெளிக்கு இறங்குகிறது. கிழக்கே 44 கொண்டை வளைவுகளில் சாலை விளிம்பேறிப் புக்கித் திங்கிக்குச் செல்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டுள்ளது. தோட்டத்துப் பகுதி எண்ணைப் போல அவ்வெண் வழிப்போக்கனுக்குத் தான் எவ்வளவு ஏறினான், எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைச் சொல்லிவிடும்.

தோபா ஏரி மிகப் பெரிய கிண்ணம். நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர். ஏறத்தாழ 74,000 ஆண்டுகட்கு முன் நேர்ந்த பெருவெடிப்பின் சாம்பல், பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கிலும், ஆந்திர நாட்டு ஜ்வாலாபுரத்திலும் படிந்து கிடக்கிறது. அவ்வளவு பெரிய ஏரிக்கும் வாயில் ஒன்றே. அசகான் ஆறு அவ்வழியே புறப்பட்டுக் கிழக்கே ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. போர்ட் டிக்சன் கரையை நனைக்கும் அதே நீரிணையில் எரிமலை ஏரியின் நீரும் வந்து சேர்கிறது என்பது எண்ணத் தக்கது.

பள்ளம் பகை

காட்டில் வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்குக என்பது பழைய அறிவுரை. கிரானைட்டு மலைகளில் அது பெரும்பாலும் பொருந்தும். விழித்திருக்கும் எரிமலையில் அது பொருந்தாது. ஏனெனில் நீருக்குரிய வழியே தீக்கும் சேற்றுக்கும் நச்சுக்காற்றுக்கும் உரிய வழி. இவை மூன்றும் பள்ளத்தையே நாடும்.

சூட்டு முகில் என்பது முதலாவது. சாம்பலும் கல்லும் ஆவியும் கலந்து, நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்துடன் சரிவில் உருண்டு வருவது. ஓடுகின்ற மனிதன் அதனை முந்துதல் இயலாது. இரண்டாவது சேற்றுப் பெருக்கு. வெடிப்பின்போது உச்சியிற் படிந்த சாம்பலைப் பெருமழை கரைத்துப் பாறையோடும் மரத்தோடும் அடித்து வரும். வெடிப்பு ஓய்ந்து பல திங்கள் கழிந்த பின்னும் இது நேரும். மினாங்கபாவ் மக்கள் இதனைக் 'கலோடோ' என்பர். 2024ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் இரவு மராப்பியின் ஓடைகளில் இறங்கிய பெருக்கு, அகாம், தானா டத்தார் வட்டாரங்களில் பேரழிவு செய்தது. அவ்வெள்ளத்தில் மாண்டோர் 60க்கு மேற்பட்டவர். லெம்பா அனாய்ப் பள்ளத்தாக்கில் பாடாங் பெருஞ்சாலை அறுந்துபோயிற்று. அன்று எரிமலை வெடிக்கவில்லை, மழைதான் பெய்தது.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத கரியமிலக் காற்று. அது காற்றினும் கனமுடையது. பள்ளங்களில் தேங்கி நிற்கும். 1979இல் சாவகத் தீவின் தியேங் மேட்டு நிலத்தில் வெடிப்புக்கு அஞ்சி ஓடிய ஊரார் 140க்கு மேற்பட்டோர், பாதையில் தேங்கியிருந்த இக்காற்றால் மாண்டனர்.

ஆகவே எரிமலைச் சரிவில் நடப்போன் முகட்டு வரியைப் பிடித்து நடக்கவேண்டும். ஓடையைக் கடக்க நேர்ந்தால் நில்லாமல் கடக்கவேண்டும். பள்ளத்தில் தங்குதலும் உறங்குதலும் ஆகா. உச்சியில் மழை பெய்வதாகத் தோன்றினால், தான் நிற்குமிடத்தில் வெயில் அடித்தாலும் ஆற்றங்கரையை விட்டு மேடேறவேண்டும். சாம்பல் வீழ்ந்தால் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, உறுதியான கூரைக்கீழ் ஒதுங்கவேண்டும்.

வட்டமும் சொல்லும்

இந்தோனேசிய அரசின் எரிமலை ஆய்வகம் பாண்டோங் நகரிலிருந்து நாடெங்கும் உள்ள எரிமலைகளைக் கண்காணித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகளுள் ஒன்றை அறிவிக்கிறது. நோர்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ் என்பன அவை. இங்கு மலாய் அறிந்த மலேசியத் தமிழர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் சாலையோரங்களில் 'ஆவாஸ்' என்னும் சொல் நாள்தோறும் காணப்படுவது; 'பார்த்துச் செல்க' என்பதற்கு மேல் அதனை எவரும் மதிப்பதில்லை. இந்தோனேசிய எரிமலை அறிவிப்பிலோ அதுவே இறுதி நிலை. ஆபத்து வட்டத்தினின்று உடனே அகல்க என்பது பொருள். பழகிய சொல் என்று எண்ணி அசட்டை செய்வது பெருந்தவறாகும்.

பெயரிலும் மயக்கம் உண்டு. மேற்குச் சுமாத்திராவில் உள்ளது மராப்பி. சாவகத்தில் யோக்யகர்த்தா அருகே உள்ளது மெராப்பி. இரண்டு பெயர்களிலும் ஆப்பி, அதாவது தீ, என்னும் சொல் அடங்கியிருப்பதால் செய்தி கேட்போர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வர். நிலை அறிவிப்பைப் படிக்கும்போது மலையின் பெயரோடு மாநிலத்தின் பெயரையும் பார்த்தல் வேண்டும்.

நிலையோடு ஒரு வட்டமும் அறிவிக்கப்படும். எரிவாயினின்று இத்தனை கிலோமீட்டருக்குள் எவரும் செல்லலாகாது என்பது அது. இத்தொலைவு நேர்கோட்டில் அளந்தது. சாலை வழி அளந்ததன்று. வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் 8 கிலோமீட்டர் கடந்து வந்தவன், நேர்கோட்டில் 3 கிலோமீட்டருக்குள்ளேயே நிற்கக்கூடும். ஆகவே படத்தில் எரிவாயை நடுவாகக் கொண்டு வட்டம் வரைந்து பார்ப்பதே முறை.

வட்டத்தை மதியாமையின் விலை பெரிது. மராப்பி 2011 முதல் இரண்டாம் நிலையாகிய வஸ்பாடாவில் இருந்துவந்தது. எரிவாயினின்று 3 கிலோமீட்டருக்குள் செல்லலாகாது என்பது ஆய்வகத்தின் அறிவுரை. ஆயினும் மக்கள் உச்சிக்கு ஏறிவந்தனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மலை திடீரென வெடித்தது. அப்போது எழுபதுக்கு மேற்பட்டோர் மேலே இருந்தனர். அவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் இளைஞர். வடசுமாத்திராவின் சினாபோங் மலை பல நூற்றாண்டு உறங்கி 2010இல் விழித்தது. 2014 பிப்ரவரி முதல் நாள் தடை வட்டத்துள் சென்றிருந்தோர் 16 பேரேனும் அதன் சூட்டு முகிலுக்கு இரையாயினர். இரண்டாம் நிலை என்பது தீங்கில்லை என்னும் பொருளன்று. முன்னறிவிப்பின்றி வெடிக்கவும் கூடும் என்பதே அதன் பொருள். உச்சி ஏறினால்தான் எரிமலையைக் கண்டதாகும் என்று எண்ணுவோர், புக்கித் திங்கியிலிருந்து விடியற்காலையில் மராப்பியைக் கண்டால் அவ்வெண்ணம் தவறு என உணர்வர்.

ஆயிரம் திசை

இம்மேட்டு நிலம் தமிழுக்கு முற்றும் அயலன்று. தானா டத்தார் வட்டாரத்துச் சுருவாசோவில், 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆதித்தியவர்மன் காலத்துக் கல்வெட்டொன்று பழைய நீர்க்கால் ஒன்றன் அருகே கண்டறியப்பட்டது. உள்நாட்டு எழுத்தோடு தென்னிந்தியக் கிரந்த எழுத்தும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. நம் எழுத்தோடு உறவுடைய எழுத்து, எரிமலை மண்ணில் ஓடிய நீருக்கு அருகே நின்றிருக்கிறது. வடக்கே பாருஸ் கடற்கரையில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கற்பூரம் நாடிச் சென்ற வணிகர் நாட்டிய கல் அது. அவர்கள் தம்மைத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று கூறிக்கொண்டனர். நான்கு திசை, எட்டுத் திசை என்று நில்லாமல் ஆயிரம் திசை என்றனர்.

இவ்வறிவை வகுப்பறையில் ஊட்டுவது கடினமன்று. ஈரமண்ணைக் கூம்பாகக் குவித்து உச்சியில் நீர் ஊற்றுக. நீர் நாற்புறமும் ஓடும். பின் கூம்பின் நடுவை அழுத்திக் கிண்ணமாக்கி உட்புறத்தே நீர் ஊற்றுக. நீர் உள்ளே தேங்கும். விளிம்பை ஓரிடத்தில் விரலால் கீறினால் அவ்வழி ஒன்றிலேயே வெளியேறும். அடுத்து, கூம்பின் மேல் சாம்பலைத் தூவி மீண்டும் நீர் ஊற்றுக. சாம்பற்சேறு எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்பதைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டட்டும். சிறு குச்சிகளை வீடுகளாக நட்டு, எவ்வீடு தப்பியது, எது தப்பவில்லை, ஏன் என்று கேட்கலாம். அதன்பின் 'மேற்கு' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதினால், பாடம் தானே விளங்கும்.

சொல் பிறந்த நிலத்தை அறிவது மொழியறிவு. கால் பதிந்த நிலத்தை அறிவது உயிரறிவு. பயணம் செய்வோனுக்கு இரண்டும் வேண்டும்.